சேலத்துல ஏதுங்க கடல்? – டிராயிங் மாஸ்டர் பதில்கள்

இந்தத் தடவை வந்த கேள்வில பாதி ஆயில் பெயின்டிங் பத்தி, அதுலயும் துறைமுகம், படகு, சாயங்கால வெளிச்சம்னே நாலஞ்சு பேர் கேட்டுருக்கீங்க, நம்ம ஊர்க்காரங்களுக்கு திடீர்னு கடல் மேல என்ன ஆசைன்னு புரியல. சரி, எல்லாத்தையும் ஒரே பக்கத்துல பார்த்துடலாம். பேர் போட வேணாம்னு ரெண்டு பேர் கேட்டுக்கிட்டதால யார் பேருமே போடல, ஊரு மட்டும்தான்.

கேள்வி (வாசகி, அம்மாபேட்டை): சார், ரெண்டு வருஷமா வாட்டர் கலர் பண்றேன், இப்பதான் ஆயில் வாங்கிருக்கேன். கல்யாணமான புதுசுல நாங்க கொச்சி போயிருந்தோம், ஃபோர்ட் கொச்சில இருந்து எர்ணாகுளத்துக்கு போட்ல திரும்பி வரப்ப லேசா இருட்டிருச்சு, கரை பூரா லைட்டு, அத்தனையும் தண்ணில விழுந்து ஆடுது, அவரு ஒண்ணுமே பேசல, நானும் பேசல. அதை வரைஞ்சு கல்யாண நாளுக்குக் குடுக்கணும், இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன், லைட்டெல்லாம் மஞ்சப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கு, வெள்ளை கலந்தா சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி இருக்கு. படத்தோட போட்டோ அனுப்பிருக்கேன். எங்க தப்பு?

பதில்: முதல்ல அந்த வெள்ளை ட்யூபை மூடி அந்தாண்ட வைங்கம்மா, பாதித் தப்பு அதுலதான். லைட்டு இன்னும் பளிச்சுன்னு தெரியணும்னு மஞ்சள்ல வெள்ளையைக் கலக்கக் கலக்க அது வெளுத்துதான் போகும், நீங்களே சொல்லிட்டீங்க, சுண்ணாம்புன்னு. ஒரு சின்ன வேலை பண்ணுங்க. வீட்ல பழைய கல்யாணப் பத்திரிகை மஞ்சக் கலர்ல ஏதாச்சும் கிடக்கும், அதுல நகத்தளவு ஒரு துண்டு கிழிச்சு வெள்ளைப் பேப்பர் மேல வெச்சுப் பாருங்க, அப்புறம் அதே துண்டை எடுத்து ஆறிப்போன தோசைக்கல்லு மேல வைங்க. பேப்பர் மேல சும்மா கெடந்த மஞ்சள், கல்லு மேல எரியும். உங்க படத்துல தோசைக்கல்லு இல்ல, அவ்வளவுதான் விஷயம். வானம் நடுத்தர நீலம், தண்ணி நடுத்தர நீலம், கட்டடமும் கிட்டத்தட்ட அதே, இதுல எந்த மஞ்சளை வெச்சாலும் பொட்டாதான் ஒட்டிக்கும். லைட்டை நீங்க நல்லாத்தான் போட்டுருக்கீங்க, இருட்டைத்தான் போடவே இல்ல.

இருட்டைப் பார்த்துப் பழக கொச்சிக்குத் திரும்பப் போகத் தேவையில்ல, 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா போதும். ஒரு நாள் சாயங்காலம் அவரையும் கூட்டிக்கிட்டு ஏற்காடு போங்க, காரணம் சொல்லாதீங்க. லேடீஸ் சீட்ல, இல்ல காட் ரோட்டுல வண்டி ஓரங்கட்டத் தோதான இடத்துல நின்னு கீழ பாருங்க. சூரியன் எறங்கி ஒரு இருபது நிமிஷம் கழிச்சு சேலம் ஒவ்வொரு லைட்டா முளைக்க ஆரம்பிக்கும், பக்கத்து மலையெல்லாம் கரிக்கட்டை மாதிரி கெடக்கும், நடுவுல சமவெளி மங்கலா சாம்பல் நீலத்துல பரவியிருக்கும், எனக்கு ஒவ்வொரு தடவையும் அது கடல்தான், அந்த லைட்டெல்லாம் நங்கூரம் போட்ட கப்பல்தான். கண்ணைப் பாதி மூடிப் பாருங்க, மொத்தமே மூணு டோன்தான் தெரியும்: வானம் வெளிச்சம், சமவெளி நடுத்தரம், மலை இருட்டு. இன்னொண்ணும் கவனிங்க, கிட்ட இருக்கிற லைட்டு புள்ளியா தெரியும், தூரத்து லைட்டு தனித்தனியா தெரியாது, ஆரஞ்சு கலந்த ஒரு தூசி மாதிரி ஒண்ணாச் சேர்ந்துரும். நீங்க தூரத்துக் கரையிலயும் ஒண்ணு ஒண்ணா எண்ணி வெச்சிருக்கீங்க, படத்துல ஆழமே வராததுக்கு அதுதான் காரணம். போன்ல போட்டோ எடுங்க, ஆனா அதை நம்பிடாதீங்க, ராத்திரி போட்டோல போன் இருட்டை வெளுப்பாக்கிரும், லைட்டு நடுவை வெறும் வெள்ளையாக்கிரும், நீங்க மலைக்குப் போனதே அந்த ரெண்டையும் பார்க்கத்தான். பென்சில்ல தீப்பெட்டி சைசுக்கு நாலு கிறுக்கல் போடுங்க, போதும்.

தண்ணிக்கு மூக்கனேரியோ ஏற்காடு ஏரியோ எதுவும் சரிதான். அக்கரைல இருக்கிற ஒரே ஒரு லைட்டைப் பிடிச்சு அதோட நிழலை மட்டும் பத்து நிமிஷம் பாருங்க. லைட்டு ஒரு புள்ளி, ஆனா தண்ணில அது ஒரு நீளக் கம்பம் மாதிரி உங்களைப் பார்த்து நீண்டு வரும், ஏன்னா ஒவ்வொரு சின்ன அலையும் ஒரு குட்டிக் கண்ணாடி மாதிரி சாய்ஞ்சு அந்த வெளிச்சத்தை உங்க கண்ணுக்குத் தள்ளுது. நீங்க ரெண்டடி நகர்ந்தா அதுவும் உங்க கூடவே வரும். அதனால கேன்வாஸ்ல அது எப்பவும் செங்குத்தா கீழதான் எறங்கணும், உங்க படத்துல ரெண்டு கோடு சாய்ஞ்சு போகுது பாருங்க, அதைப் பார்த்தா தண்ணியே சரிஞ்சு வழியிற மாதிரி இருக்கு. அப்புறம் வெளிச்சமான பொருளோட நிழல் தண்ணில ஒரு படி மங்கும், இருட்டான பொருளோட நிழல் ஒரு படி வெளுக்கும். மேல லைட்டு மஞ்சள்னா கீழ ஆரஞ்சு. இதை எழுதி ஈசல்ல, அதான் கேன்வாஸ் நிக்கிற ஸ்டாண்டுல, ஒட்டி வைங்க.

இப்ப வேலைக்கு வருவோம். 12க்கு 16 இஞ்ச் கேன்வாஸ் போதும், பெருசா ஆசைப்படாதீங்க. பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பை டர்பன்டைன்ல நல்லா நீர்க்கக் கரைச்சு மொத்த கேன்வாஸ்லயும் தேய்ச்சு துணியால ஒத்தி எடுத்துட்டு ஒரு நாள் விட்டுடுங்க, வெள்ளை கேன்வாஸ் மேல நேரா வரைஞ்சா எந்த இருட்டும் ரொம்ப இருட்டா இருக்கிற மாதிரி பயமுறுத்தும், நீங்க வெளுப்பாவே போட்டுக்கிட்டு போயிருவீங்க, அதான் நடந்திருக்கு. கரைக் கோட்டை நடுவுல போடாதீங்க, மேல இருந்து மூணுல ஒரு பங்குல போடுங்க, உங்க கதை தண்ணிலதானே இருக்கு, அதுக்கு இடம் வேணும். கறுப்பு ட்யூப் வேணாம், அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்தா அருமையான இருட்டு வரும், நீலம் கொஞ்சம் தூக்கினா தண்ணி, பழுப்பு தூக்கினா கட்டடம். கட்டடத்துக்கு ஜன்னல் வரையாதீங்க தயவுசெஞ்சு. எல்லாத்தையும் ஒரே நிழலா, அகலமான பிரஷ்ல மேடு பள்ளமா ஒரு இழுப்பு. தூரத்துக் கட்டடத்துல கொஞ்சம் வானத்துக் கலரைச் சேர்த்துக்கோங்க, பின்னாடி போயிரும். முதல் லேயர்ல டர்பன்டைன் ஜாஸ்தி, மேல போகப் போக எண்ணெய் ஜாஸ்தி, இதை மாத்திப் போட்டா அடில இருக்கிறது காயறதுக்குள்ள மேல காய்ஞ்சு பின்னாடி வெடிப்பு விடும்.

இது எல்லாம் தொட்டா ஒட்டாத அளவு காய்ஞ்சப்புறம்தான் லைட்டு. மொத்தம் பத்துப் பன்னெண்டுக்கு மேல வேணாம், அதுல ஒண்ணுதான் ராஜா. அந்த ஒண்ணுக்கு இப்படி: முதல்ல இருட்டு மேல லேசா செம்பழுப்பு ஒரு வட்டம், விளிம்பை விரலால தேய்ச்சு மங்கலாக்கிருங்க, உள்ள ஆரஞ்சு, அதுக்குள்ள மஞ்சள், கடைசியா பேலட் நைஃப் நுனில கடுகளவு வெளிர்மஞ்சள், ஒரே தொடல், திரும்பத் தொடக் கூடாது. இப்பதான் அந்த வெள்ளை ட்யூபைத் திறக்கலாம், அதுவும் அந்தக் கடுகுக்கு மட்டும். நிழலுக்கு ஆரஞ்சை மேல இருந்து கீழ இழுத்துட்டு, சுத்தமான காய்ஞ்ச ஃப்ளாட் பிரஷ்ஷால குறுக்க ரெண்டே ரெண்டு தடவை மெதுவா தடவுங்க, அலை தானா வந்துரும். மூணாவது தடவை தடவினா சேறாயிரும், கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872ல வரைஞ்ச லே ஹாவ்ர் துறைமுகப் படத்தைப் பார்த்திருப்பீங்க, காலைல பனி மூட்டத்துல ஒரு ஆரஞ்சு சூரியன், 1874ல கண்காட்சில வெச்சது, இம்ப்ரெஷனிஸம்ங்கிற ஓவியப் பாணிக்குப் பேரே அந்தப் படத்தோட தலைப்புல இருந்துதான் வந்துச்சு. அதை போன்ல இறக்கி கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, சூரியன் கிட்டத்தட்ட காணாமப் போயிரும்! சுத்தி இருக்கிற வானத்தை விட அது வெளிச்சமே இல்ல. சாம்பல் நீலத்துக்கு நடுவுல அந்த ஆரஞ்சை உக்கார வெச்சிருக்காரு, நம்ம கண்ணுதான் அதை சூரியனாக்கிக்குது. இதைப் பார்த்தப்புறமும் நீங்க வெள்ளையைக் கலந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல.

கல்யாண நாளைக்கு மூணு வாரம் முன்னாடி கடைசித் தொடல் முடிஞ்சிரணும். வார்னிஷ் அப்ப அடிக்காதீங்க, ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் போகட்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர், சூரமங்கலம்): ரொமான்டிக் துறைமுகம்னா கண்டிப்பா ஒரு ஜோடி கையக் கோத்துக்கிட்டு நிக்கணுமா சார்?

பதில்: நிக்கணும்னு சட்டம் இல்ல தம்பி. ஓவியத்துல ரொமான்டிக்னு சொல்றது வேற, 18ம் நூற்றாண்டு கடைசில ஆரம்பிச்சு அடுத்த அம்பது வருஷம் ஐரோப்பால ஓடின ஒரு போக்கு, மனுஷன் சின்னதா, இயற்கை பெருசா, வெளிச்சமே கதாநாயகனா இருக்கும். ஜெர்மனில ஃப்ரீட்ரிக்னு ஒருத்தர், 1774ல பால்டிக் கடற்கரைல ஒரு துறைமுக ஊர்ல பொறந்தவரு, 1835 வாக்குல ஒரு படம் வரைஞ்சாரு. கரைல அஞ்சு பேர், கடல்ல அஞ்சு கப்பல், அந்தி நேரம். குழந்தைங்க விளையாடுது, ஒரு கிழவர் முதுகைக் காட்டிக்கிட்டு கடலைப் பார்த்துக்கிட்டு நடக்கிறாரு. அஞ்சு கப்பலும் அஞ்சு ஆயுசுன்னு சொல்லுவாங்க. யாரும் யார் கையையும் பிடிக்கல, ஆனா அந்தப் படத்தைப் பார்த்துட்டு ராத்திரி தூக்கம் வராது. ஆள் வேணும்னா முதுகைக் காட்டி, சின்னதா, நிழலா வைங்க. முகம் வரைஞ்சா மாட்டிக்குவீங்க.

கேள்வி (அதே மாணவர்): கடலையே சரியா பார்க்காதவன் துறைமுகம் வரையலாமா?

பதில்: க்ளாட் லொரெய்ன்னு 17ம் நூற்றாண்டுக்காரர், துறைமுகத்துல சூரியனை நேராவே படத்துக்குள்ள வெச்சவரு, 1648ல ஷீபா ராணி கப்பலேறுற படம் ஒண்ணு வரைஞ்சாரு, அந்தத் துறைமுகம் உலகத்துல எங்கயும் கிடையாது, மாளிகை தூணெல்லாம் அவரே கட்டி வெச்சது. வெளிச்சம் மட்டும் அவர் கண்ணால பார்த்தது. டர்னர்னு ஒரு இங்கிலாந்து ஓவியர் அந்தப் படத்து மேல எவ்வளவு பைத்தியம்னா, தான் 1815ல வரைஞ்ச கார்த்தேஜ் துறைமுகப் படத்தை அதுக்குப் பக்கத்துலயே மாட்டணும்னு உயில் எழுதி வெச்சுட்டுப் போனாரு, லண்டன் நேஷனல் கேலரில இன்னிக்கும் பக்கத்துல பக்கத்துலதான் தொங்குது. சேலத்துல கடல் இல்லாதது உங்களுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

கேள்வி (காபி எஸ்டேட்காரர், ஏற்காடு): சூரிய அஸ்தமனத்துல படகு நிக்கிற மாதிரி ஒரு ஆயில் படம் போட்டு ஆறு வாரமாச்சு, இன்னும் தொட்டா விரல்ல ஒட்டுது. இங்க பனியும் ஈரமும் ஜாஸ்தி, அதனாலயா? லின்சீட் ஆயில் தீர்ந்துபோச்சுன்னு கொஞ்சம் தேங்காண்ணெய் விட்டுக்கிட்டேன், ரெண்டும் எண்ணெய்தானேன்னு.

பதில்: ஐயா, பனி மேல பழி போடாதீங்க, பாவம்! தேங்காண்ணெய் ஆறு வாரம் இல்ல, ஆறு வருஷம் ஆனாலும் காயாது. ஆயில் பெயின்ட் தண்ணி ஆவியாகுற மாதிரி காயறது இல்ல, ஆளிவிதை எண்ணெய், அதான் லின்சீட், காத்துல இருக்கிற ஆக்ஸிஜனை இழுத்து தானே இறுகி ஒரு தோல் மாதிரி ஆகுது. அந்தக் குணம் தேங்காண்ணெய்க்குக் கிடையாது, கடலெண்ணெய் விளக்கெண்ணெய்க்கும் கிடையாது. சமையல்கட்டுல இருந்து எதையும் ஈசல் பக்கம் கொண்டு வராதீங்க. அந்தப் படத்தைக் காப்பாத்த முடியாது, நைஃப் வெச்சு சுரண்டிட்டு அந்த கேன்வாஸையும் விட்டுருங்க, எண்ணெய் உள்ள எறங்கியிருக்கும்.

உங்க மலைக் குளிருக்கு நல்ல எண்ணெய்லயே கீழ சேலத்தை விட காய கூடுதல் நாள் ஆகும், அது நிஜம்தான். கலருக்குக் கலரும் மாறும், அம்பர் ரெண்டு மூணு நாள்ல காய்ஞ்சுரும், அலிஸரின் க்ரிம்ஸன்ங்கிற கருஞ்சிவப்பு நம்ம பொறுமையை சோதிக்கும், டைட்டானியம் வொயிட்டும் மெதுவாதான். அஸ்தமனம்னா சிவப்பு வெள்ளைதானே ஜாஸ்தி, அதனால அவசரப்படாதீங்க. காய வைக்கிற படத்தை பீரோவுக்குள்ள வைக்காம வெளிச்சமும் காத்தும் இருக்கிற ரூம்ல வைங்க, இருட்டுல வெச்சா லின்சீட் மஞ்சளடிக்கும். செவுத்தோட ஒட்டியும் மாட்டாதீங்க, மழைக்காலத்துல பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், நாலு மூலைலயும் ஒரு கார்க் துண்டு வெச்சு தள்ளி மாட்டுங்க.

ஈரப் படத்தைக் கீழ கொண்டு வரணும்னா என்னை மாதிரி பண்ணாதீங்க. பல வருஷம் முன்னாடி ஏற்காடு ஏரில வரைஞ்ச படத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, டிரைவர் ஒரு திருப்பு திருப்பினாரு பாருங்க, மொத்த ஏரியும் முன்னாடி நின்ன பெரியவரோட வெள்ளை வேட்டில எறங்கிருச்சு. மனுஷன் திட்டல. வேட்டியைத் தூக்கிப் பார்த்துட்டு, "கலரு நல்லாத்தான் இருக்குது, இது போகுமா போகாதா?"ன்னு மட்டும் கேட்டாரு. போகாதுங்கன்னு சொல்ல எனக்கு தைரியம் வரல. அப்புறம் எப்பவும் ஒரே சைஸ்ல ரெண்டு கேன்வாஸ் கொண்டு போவேன், முகத்துக்கு முகம் வெச்சு மூலைக்கு ஒரு கார்க் துண்டு இடைல குடுத்து கட்டிடுவேன்.

கேள்வி (வாசகர், செவ்வாய்ப்பேட்டை): ஆரம்பிக்க என்னென்ன வாங்கணும்? க்ளாஸுக்குப் போயே ஆகணுமா?

பதில்: கடைக்காரர் காட்டுற 24 கலர் பாக்ஸ் வேணாம். 20 மில்லி ட்யூபா தனித்தனியா வாங்குங்க, டைட்டானியம் வொயிட் மட்டும் பெருசு, அதோட அல்ட்ராமரைன், பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், ஒரு நல்ல மஞ்சள், ஒரு ஆரஞ்சுச் சிவப்பு, அலிஸரின். பிரஷ்யன் ப்ளூ ஆசை காட்டும், வாங்காதீங்க, ஒரு துளி பட்டா பேலட் பூரா அதோட வீடாயிரும். ஹாக் ஹேர் பிரஷ் ஃப்ளாட்ல மூணு, ரவுண்டுல சின்னது ஒண்ணு, ஒரு பேலட் நைஃப். பேலட்டுக்குக் காசு குடுக்காதீங்க, வீடு கட்டுற இடத்துல உடையாத சாம்பல் கலர் டைல்ஸ் ஒண்ணு கேட்டு வாங்கிக்கோங்க, அதை விட நல்ல பேலட் கிடையாது, சாம்பல் மேல கலந்தா கலர் ஏமாத்தாது. டர்பன்டைன் ஓவியத்துக்குன்னு விக்கிறதை வாங்குங்க, ஹார்டுவேர் கடை தின்னர் வேணாம்.

க்ளாஸ் நல்லதுதான், ஆனா ரவி வர்மா கதை தெரியுமில்ல, 1868ல திருவிதாங்கூர் அரண்மனைக்கு ஜென்சன்னு ஒரு வெள்ளைக்காரர் ஆயில்ல படம் வரைய வந்தாரு, சொல்லிக் குடுக்க மாட்டேன், வேணா வரையிறதைப் பார்த்துக்கோன்னுட்டாராம். அந்தப் பார்த்ததை வெச்சுத்தான் மீதியைத் தானே கத்துக்கிட்டாரு. உங்களுக்கு வீடியோல ஆயிரம் ஜென்சன் இருக்காங்க. பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான் இப்ப வியாதி, பாதில நிறுத்திட்டு பிரஷ்ஷை எடுங்க.

கேள்வி (ஒரு அம்மா, கொண்டலாம்பட்டி): பையன் ஆயில் பெயின்ட் பண்றான், வீடு பூரா நாத்தம், வீட்ல சின்னக் கொழந்தை இருக்கு. எண்ணெய்த் துணியெல்லாம் சுருட்டி கட்டிலுக்கு அடில போடுறான். இது நல்லதா?

பதில்: நாத்தம் டர்பன்டைனோடது, ஜன்னலைத் திறந்து வெச்சு, இல்ல மொட்டை மாடிக்குத் துரத்தி விட்டுருங்க, கொழந்தை இருக்கிற ரூம்ல வேண்டவே வேணாம். கழுவின டர்பன்டைனை சாக்கடைல ஊத்தாம மூடி வெச்சா ஒரு நாள்ல கலரெல்லாம் அடில தங்கிரும், மேல தெளிஞ்சதைத் திரும்ப யூஸ் பண்ணலாம்.

ஆனா அதை விட அந்தக் கட்டிலடித் துணிதான்மா எனக்கு பயமா இருக்கு. லின்சீட் எண்ணெய் காயுறப்ப சூடு வெளில விடும், துணி விரிச்சிருந்தா சூடு காத்துல போயிரும், சுருட்டி வெச்சா உள்ளயே ஏறி ஏறி யாரும் பத்த வைக்காமயே தீப்பிடிக்கும். கதை இல்ல, நிஜமாவே பிடிக்கும், அதுவும் நம்ம ஊரு சித்திரை வெயில்ல. இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்து மூடி போட்ட ஒரு தகர டப்பால தண்ணி ஊத்தி அதுக்குள்ள முக்கி வைங்க, இல்லன்னா வெளிய கொடில ஒண்ணொண்ணா விரிச்சுக் காயப் போட்டு விறைப்பானப்புறம் குப்பைல போடுங்க. இந்தப் பதிலைப் பையன்கிட்டயும் படிக்கக் குடுங்க. அப்படியே பெயின்ட் கையோட தட்டுவடை செட் சாப்பிடுறானான்னும் பாருங்க, கேட்மியம் கலரெல்லாம் வயித்துக்குள்ள போகக் கூடாத சமாச்சாரம்.

கேள்வி (வாசகர், அஸ்தம்பட்டி): படம் முடிஞ்சப்புறம் கையெழுத்து எங்க போடணும், என்ன கலர்ல போடணும்?

பதில்: கீழ ஒரு மூலைல, படத்துலயே இருக்கிற கலர்ல, பக்கத்து இருட்டை விட ஒரு படி மட்டும் வெளுப்பா. நான் ஒரு துறைமுகப் படத்துல தண்ணிக்கு நடுவுல பளபளன்னு சிவப்புல போட்டு மாட்டியிருந்தேன், வீட்டுக்கு வந்தவரு ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, "அந்த மிதவை மட்டும் நல்லா வந்திருக்குங்க மாஸ்டர்"னு சொல்லிட்டுப் போனாரு.